நூற்று எண்பத்தாறு மனுக்கள், ஒரு தாள்

தமயந்தி நூற்று எண்பத்தாறு மனுக்களை அச்சுக்கு அனுப்பினாள். பிரிண்டர் ஒரே ஒரு தாளை வெளியே தள்ளிவிட்டு, பெரிய வேலையை முடித்த களைப்பில் பெருமூச்சு விட்டு அடங்கியது.

தட்டைத் திறந்து பார்த்தாள். தாள் இருந்தது. மை இருந்தது. உருளையைத் தொட்டாள்; சூடாகத்தான் இருந்தது. மறுபடி அனுப்பினாள். இந்த முறை ஒரு தாளும் வரவில்லை. திரையின் அடியில் எழுத்துகள் வந்து நின்றன: 'கோப்புகள் 186. ஆவணம் 1. இது ஏற்கெனவே அச்சிடப்பட்டுவிட்டது.'

மூன்றாம் முறை அனுப்பி, பிரிண்டரின் விலாவில் ஓங்கி ஒரு தட்டும் வைத்தாள்.

"அடிச்சா ஓடுறது பழைய மெஷின்மா," என்றார் தலைமை எழுத்தர் குருநாதன், கோப்புக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்காமலே. ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு மாதம். "இது மானஸ்தன். கோவிச்சுக்கும்."

"ஏற்கெனவே கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்கு சார். நூத்தி எண்பத்தாறு அனுப்பினா ஒண்ணுதான் தருது."

"அந்த ஒண்ணு யாரோடது?"

தாளைப் பார்த்தாள். "பூங்காவனம். முதல்ல டைப் பண்ணினது."

கீழ்ச்சாவடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு 'ஒருங்கு' வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதிவறை மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற சர்வர் அது. அதற்கு மட்டும் தனி ஏசி; ஊழியர் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றுவதாகப் பாவனை மட்டும் செய்யும். அலுவலகக் கணினிகளின் கோப்புகள் எல்லாம், இருபது ஆண்டுப் பழசு உட்பட, அதற்குள் போய்விட்டன. எல்லா அச்சும் அதன் வழியாகத்தான். அது ஓரத்தில் இடும் வட்ட முத்திரை இல்லாத தாளை எந்த விசாரணையிலும் கையால் தொடக்கூடாது. இறந்தவர்கள் பெயரில் போலி மனுக்கள் வந்து மாட்டிய பிறகு போட்ட விதி.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. இன்று செவ்வாய்.

வெண்ணங்குப்பத்தைக் கடல் ஆண்டுக்கு ஒரு தெருவாகத் தின்றுகொண்டிருந்தது. மிச்சமிருக்கும் நூற்று எண்பத்தாறு வீட்டுக்காரர்களையும் இருபத்திரண்டு கிலோமீட்டர் உள்ளே, கல்குவாரிக்குப் பக்கத்தில் கட்டிய அடுக்குமாடிக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. குப்பத்துக்குப் பின்னாலேயே ஒரு மேட்டு நிலம் இருக்கிறது, அங்கே வீடு கொடுங்கள் என்று கேட்டுத்தான் இந்த மனுக்கள்.

"ஒண்ணு மட்டும் போனா என்ன ஆகும் சார்?"

குருநாதன் இப்போது தலையைத் தூக்கினார். "ஒரு மனுவுக்கு ஒரு பதில். முத்திரை போட்ட பதில் கையில போய்ச் சேர்ற வரைக்கும் அந்த வீட்டு ஓலையில ஒண்ணைக் கூட உருவ முடியாது. அதான் சட்டம். மனுவே இல்லேன்னா பதிலே தேவையில்ல. திங்கட்கிழமை வீட்டை இடிக்க வண்டி வந்துரும்."

"அப்ப பூங்காவனம் வீடு மட்டும் நிக்கும்."

"ஆமா. சுத்தி ஒண்ணுமில்லாம."

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் ஒரே இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது. பெயர் ரெஹானா என்றாள். தமயந்தி விஷயத்தைச் சொன்னாள்.

"அது பழுது இல்ல மேடம். அதுக்காகத்தான் ஒருங்கே," என்றாள் ரெஹானா. "பழைய சர்வர் எல்லாம் எழுத்தை எழுத்தோட ஒப்பிடும். ஒரு காற்புள்ளி மாறினாக் கூட வேற ஃபைல்னு நினைச்சு வச்சுக்கும். இது அப்படியில்ல. உள்ள என்ன சொல்லியிருக்குன்னு படிக்கும். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை வச்சுக்காது, ரெண்டு தடவை அச்சடிக்காது. எவ்வளவு இடம் மிச்சம், எவ்வளவு பேப்பர் மிச்சம் தெரியுமா?"

"பேரு வேற வேறம்மா. கதவு எண் வேற."

"பேரு கவர் மேல எழுதற விலாசம் மாதிரி மேடம். கடிதம்னா உள்ள இருக்கறதுதானே?"

"நூத்தி எண்பத்தாறு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னா?"

"ஒருத்தர் சொன்னதா எடுத்துக்கும்."

அதை அவள் இவ்வளவு இயல்பாகச் சொன்னதில் தமயந்தி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள்.

"இதை நிறுத்தி வைக்க முடியாதா?"

"தலைமையிடத்துலேர்ந்து ஆணை வேணும். இருபத்தொரு வேலை நாள் ஆகும். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

வேறு உதவி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் நிறையச் சொன்னாள்.

மனுக்களை அடித்தது அவள்தான். அதுதான் உள்ளே குத்தியது. குருநாதனிடம் 'மாதிரி' என்று ஒரு கோப்புறை உண்டு. இருபது ஆண்டு உழைப்பில் சேர்த்த நாற்பத்தொரு மாதிரிகள். விடுப்புக் கடிதம் முதல் வெள்ள நிவாரண அறிக்கை வரை எதற்கும் ஒரு மாதிரி. பழையதைத் திற, பெயரை மாற்று, சேமி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். குப்பத்து மனுவுக்கு எடுத்தது 'மாதிரி ஆறு': 'நாங்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித் தொழிலை நம்பி வாழ்ந்து வருகிறோம்...' மேட்டு நிலம் கேட்கும் வரியை மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தாள். போன வாரம் அவர்கள் சாரிசாரியாக வந்து முன்னால் உட்கார்ந்தபோது ஆளுக்கு ஒன்று சொல்லத்தான் செய்தார்கள். ஒரு கிழவர் இடுப்பைக் காட்டி ஏதோ தொடங்கினார். ஒரு பெண் மகனின் பள்ளியைப் பற்றிச் சொன்னாள். "அதெல்லாம் வேணாம்மா, மனுவுக்கு அது தேவையில்ல. பேரும் கதவு எண்ணும் சொல்லுங்க போதும்," என்று எல்லோரையும் நிறுத்தியது தமயந்தியின் வாய்தான். வரிசை நீளமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் வேறு.

புதன்கிழமை முழுக்க அவள் ஒருங்குடன் மல்லுக்கட்டினாள். 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதை 'வேண்டுகிறோம்' என்றாக்கினாள். ஆவணம் 1. கடைசிப் பத்தியை முதலில் வைத்தாள். ஆவணம் 1. எழுத்துருவை மாற்றினாள், பெரிதாக்கினாள், சாய்த்தாள். குருநாதன் தன் பங்குக்கு, ஒவ்வொரு மனுவின் தலையிலும் ஒரு சாமி பேரைப் போடு என்றார். அவரே உட்கார்ந்து முப்பது சாமிகளை யோசித்தும் சொன்னார். ஆவணம் 1.

"எல்லாச் சாமியும் ஒண்ணுதான்னு சொல்லுதும்மா இது," என்றார். "நம்மளை விட ஞானம் ஜாஸ்தி."

சிரிக்கத் தோன்றவில்லை. நாலு மணிக்கு, வெறுத்துப் போய், கடற்கரை வீட்டு இடுப்புக்காரக் கிழவரின் மனுவைத் திறந்தாள். அவர் சொல்ல வந்து அவள் தடுத்ததில் நினைவிருந்ததை அடித்தாள்: 'எனக்கு இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்தது. வீட்டிலிருந்து படகுக்கு அறுபது அடி. அவ்வளவுதான் என்னால் நடக்க முடியும்.'

ஆவணம் 2.

திரையைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள். பத்து நாளில் அந்தப் பெட்டி அவளுக்குக் கொடுத்த முதல் நல்ல வார்த்தை அந்த இரண்டு.

"சார், மடிக்கணினியை வெளிய எடுத்துட்டுப் போகணும். நாளைக்கு முழுக்க."

"ஒப்பந்த ஊழியர் எடுத்துட்டுப் போகக்கூடாதும்மா."

"தெரியும் சார்."

குருநாதன் நடமாட்டப் பதிவேட்டை இழுத்து, 'கள ஆய்வு' என்று எழுதி, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டார். "தண்ணி பட்டுச்சுன்னா ஏழு மாசமும் எனக்குத்தான் போச்சு," என்றார்.

குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். கைபேசியின் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. அதன் வழியாக மடிக்கணினி கீழ்ச்சாவடி சர்வருடன் பேசியது. திரை மூலையில் 'ஆவணம் 2'. நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவனம் இடுப்பில் கைவைத்து எழுந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். ஏலம் விடும் குரல்.

"அன்னிக்கு நான் சொல்ல வந்தப்ப வேணாம் வேணாம்னு வாயை மூடினியே. இப்ப இன்னா, எங்க கதை கேக்க வந்துகீறியா?"

"தப்புதான்க்கா."

"மெஷினு கேட்டாத்தான் நீ கேப்பியா?"

தமயந்தி தலையைக் குனிந்து கோப்பைத் திறந்தாள். "உங்களுது ஏற்கெனவே உள்ள இருக்குக்கா. மத்தவங்களை ஒவ்வொருத்தரா அனுப்புங்க. அந்த வீட்டுக்கு மட்டும் உள்ள காரணம் எதுன்னு கேக்கணும்."

"என்னுது இருந்தா இன்னா? நானும் சொல்றேன், எழுது. அதுல கீறது என்னுது இல்ல. உங்க ஆபீசுது."

அவள் சொன்னாள். விடியற்காலை நாலு மணிக்குக் கரைக்கு வரும் மீனை ஆறு மணிக்குள் சந்தையில் வைக்காவிட்டால் தான் மீன்காரி இல்லை, நாத்தம் பிடித்த பொம்பளை என்று. தமயந்தி அப்படியே அடித்தாள். ஆவணம் 3. பூங்காவனத்தின் பெயரில் இருந்த பழைய 'மாதிரி ஆறு' மனுவும் உள்ளேயே கிடந்தது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடலுக்குப் போகவே பயந்து, ஐஸ் உடைத்து விற்கிற ஒருவன். படகு இல்லாத ஊரில் ஐஸை யார் வாங்குவார்கள் என்றான். வாளித் தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றும் மகளைக் கடல் சத்தம் மட்டுமே தூங்கவைக்கும் என்றாள் ஒருத்தி. பக்கத்து வீட்டுக்காரி, "பொய்யி, அது எங்க வூட்டு டிவி சத்தத்துலதான் தூங்குது," என்று சொல்ல, அதையும் அடிக்கச் சொன்னார்கள். 'தலைமுறை தலைமுறையாக' என்று தமயந்தி எழுதியிருந்த ஒருவர், தான் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, வேறு ஊரில் சாதி மாறிக் கட்டியதால் இங்கே ஓடி வந்தேன், இன்னொரு தடவை ஓட உடம்பில் தெம்பில்லை என்றார். மூலையில் எண் ஏறிக்கொண்டே போனது. 31. 58. 74. சில வீட்டுக்கு எண் ஏறாது, உடனே சுற்றி நின்றவர்கள், "யோசிச்சு சொல்லுய்யா, நீ அவ்ளோ ஒண்ணுமில்லாதவனா?" என்று கிண்டல் செய்வார்கள். அவன் முகம் சிவந்து, தலையைச் சொறிந்து, கடைசியில் யாரிடமும் சொல்லாத எதையாவது சொல்வான். எண் ஏறும். கிண்டல் செய்தவர்கள் அவனுக்கு வழிவிடுவார்கள்.

தமயந்திக்கு மதியத்துக்குள்ளேயே தலை வலித்தது. வீடு வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு மனிதன் இவ்வளவு திறந்து காட்ட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. அந்தப் பெட்டியின் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

தேவிகா என்ற இளம்பெண் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நெசத்தை எழுதலாமா?"

"அதைத்தான் எழுதணும்."

"எனக்கு அந்த அடுக்கு வீடு வேணும். இந்த உப்புக் காத்துல என் பையனுக்கு மூச்சு இழுக்குது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கன்னு நானும் போட்டேன்."

தமயந்தியின் விரல்கள் நின்றன. மாதிரி ஆறில் இவளும் 'தலைமுறை தலைமுறையாக' என்றுதானே சொல்லியிருந்தாள். அடித்தாள். ஆவணம் 112. பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்த ஒருவனின் வாயிலிருந்து பூங்காவனம் விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"ஓடறியாடி? ஓடு ஓடு. அங்க நாலாம் மாடியில நண்டு புடிப்ப."

"புள்ளைக்கு மூச்சு விட முடியல பெரிம்மா."

பூங்காவனம் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். மாலைக்குள் அப்படி எட்டுப் பேர் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, ஊரார் முகத்தைப் பார்க்காமல். தேவிகாவோடு ஒன்பது.

நாலரை மணிக்கு எல்லா வீடும் முடிந்தது. எண் 186 காட்டியது. பழைய 'மாதிரி ஆறு' மனு ஒன்றும் அதில் அடக்கம். ஆக மனுக்கள் 185. இரண்டு வீடு இன்னும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

இருசம்மா, கன்னியம்மா. ஓரகத்திகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அண்ணன் தம்பியான கணவர்கள் இருவரும் ஒரே படகில் போனார்கள், ஒரே புயலில், ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரே விடியலில் போனார்கள். இரண்டு பெண்களும் இப்போது ஒரே கூடையில் கருவாடு விற்கிறார்கள். தமயந்தி எதை எழுதினாலும் ஒருங்கு தலையசைக்க மறுத்தது. இவரது உயரம், அவரது கோபம், பிள்ளைகளின் எண்ணிக்கை. எல்லாம் கவர் மேல் எழுதும் விலாசத்தோடு சேர்ந்துவிட்டது போலும். ஆவணம் 186. ஆவணம் 186.

"வேற ஏதாவது சொல்லுங்கம்மா," என்றாள். கெஞ்சலாக வரவேண்டியது அதட்டலாக வந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா," என்றாள் இருசம்மா. "இன்னாத்த பிரிச்சு சொல்றது?"

"பிரிக்கலேன்னா உங்கள்ல ஒருத்தருக்கு வீடு இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா ஊட்டுக்காரரு கெடச்சாரு," என்றாள் மெதுவாக. "எங்க ஊட்டுக்காரரு கெடைக்கல."

முந்தானை நுனியை விரலிலிருந்து விட்டாள்.

"அக்காவுக்கு அந்த மேட்டாண்ட புதைச்ச எடம் கீது. தெனம் போய் உக்காந்துட்டு வருது. அத்த வுட்டுட்டு அது வராது." கன்னியம்மா மூச்சு வாங்கினாள். "எனக்கு எடம் கிடையாது. எனக்கு வூடுதான். அந்தாளு வந்தா எங்க வருவாரு? இந்தக் கதவத்தான தட்டுவாரு. நாலாவது மாடிக்கு வழி கேட்டுகினு நிப்பாரா?"

இருசம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள்.

"நீ இன்னும் தாப்பா போடறதில்லியாடி?"

கன்னியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

தமயந்தி அடித்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் இரண்டு முறை பிழை விழுந்தது. சேமித்தாள். ஆவணம் 187.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரி ஆறை விட்டு மற்றதை எல்லாம் அனுப்பினாள். பிரிண்டர் நிற்காமல் நூற்று எண்பத்தாறு தாள்களைத் தள்ளியது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வட்ட முத்திரையோடு. விசாரணைக்கு வந்த கோட்டாட்சியர் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். ஒரு தாளைக்கூடத் திருப்பவில்லை. பதினைந்து நிமிடத்தில் வண்டி ஏறிப் போய்விட்டார். வெளியே வெயிலில் காத்திருந்த பூங்காவனம், "படிச்சாரா?" என்று கேட்டாள். தமயந்தி, "வாங்கிக்கிட்டாருக்கா," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. கோட்டாட்சியரின் உத்தரவு வந்தது. குருநாதன் அதை மேசையில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எல்லாத்தையும் நிராகரிச்சாச்சு. மாதிரி பதினேழைத் திற. பேரை மாத்தி நூத்தி எண்பத்தாறு அடிச்சுக் குடு. சாயந்திரத்துக்குள்ள பட்டுவாடா பண்ணச் சொல்றாரு. நாளைக்கு வண்டி."

"அடுக்கு வீடு வேணும்னு கேட்டவங்களுக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான் போட்டிருக்கு."

மாதிரி பதினேழு: 'தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. விதிகளின்படி ஏற்க இயலவில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.' தமயந்தி உட்கார்ந்தாள். பெயரை மாற்றினாள், சேமித்தாள், பெயரை மாற்றினாள், சேமித்தாள். கன்னியம்மாவின் பெயர் வந்தபோது கை கொஞ்சம் நின்றது, அதையும் மாற்றினாள். மதியம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள்.

பிரிண்டர் ஒரு முறை முனகியது. ஒரு தாளும் வரவில்லை.

'கோப்புகள் 186. புதிய ஆவணம் 0. இது பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சிடப்பட்டுவிட்டது.'

குருநாதன் எழுந்து வந்து பார்த்தார். திரையை ஒரு முறை, பிரிண்டரை ஒரு முறை. பிறகு, ஒரு வாரம் முன்பு அவளுக்குச் சொன்ன புத்தியை மறந்து, அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டு வைத்தார்.

"நிறுத்தி வைக்கச் சொல்லி ஆணை வாங்கலாம் சார்," என்றாள் தமயந்தி. "இருபத்தொரு வேலை நாள் ஆகும்."

"அவரு நாளைக்கு வண்டிங்கறாரு."

"பதில் கைக்குப் போகாம ஓலையை உருவ முடியாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேர்த்தது. இருபது ஆண்டில் முதல் முறையாக அவர் கோப்புறையில் அவருக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக் கட்டின் நூலை அவிழ்த்தார். மேலே இருந்த தாளை விலக்கி, அடுத்ததை விலக்கி, எங்கோ நடுவிலிருந்து ஒன்றை உருவினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"இந்தக் கன்னியம்மா..." என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு என்னம்மா பதில் எழுதறது?"

தமயந்தி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தெரியல சார். இதுக்கு மாதிரி இல்ல."